வெள்ளம் வந்தது, பணம் வரவில்லை!

அமெரிக்க செனட் சபையில் ஒரு மூத்த உறுப்பினர் கேட்ட கேள்வி

பாலம் ஆடியது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "சடசட"வென்று மரம் முறியும் சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் பாலத்தைக் காணோம்!

2011-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள வெர்மான்ட் மாநிலத்தில், பார்ட்டன்ஸ்வில் என்ற கிராமத்தில் இது நடந்தது.

அது 1870-ம் ஆண்டில் கட்டிய மரப்பாலம். பாலத்துக்கு மேலே வீட்டுக்குப் போடுவது போல் கூரை போட்டிருந்தார்கள். மழையும் பனியும் பட்டு மரம் உளுத்துப் போகாமல் இருப்பதற்காக இந்த ஏற்பாடு. மூன்று தலைமுறை கண்ட பாலம். அது ஆற்றோடு போனதைக் கரையில் நின்ற ஒருவர் படம் பிடித்தார். உலகம் முழுவதும் ஜனங்கள் அந்தப் படத்தைப் பார்த்தார்கள்.

போனது அந்தப் பாலம் மட்டும் அல்ல.

காற்றுக்குப் பயந்தார்கள், மழை வந்தது

அந்தப் புயலின் பெயர் ஐரீன். கடலோர நகரங்கள் எல்லாம் காற்றுக்குப் பயந்து கதவைச் சாத்திக் கொண்டிருந்தன. வெர்மான்ட்டுக்குக் கடற்கரையே கிடையாது. அது மலைநாடு. புயல் அங்கே வந்து சேர்ந்தபோது காற்றின் வேகம் குறைந்து போயிருந்தது. "பிழைத்தோம்" என்று பலரும் நினைத்தார்கள்.

ஆனால் மழை கொட்டியது. சில இடங்களில் ஒரே நாளில் 11 அங்குலம்!

மலைநாட்டில் வீடு எங்கே இருக்கும்? பள்ளத்தாக்கில் இருக்கும். ரோடு எங்கே போகும்? ஓடைக்குப் பக்கத்திலேயே போகும். ஓடை ஆறாயிற்று. ஆறு ரோட்டை அரித்துத் தின்றது. 500 மைலுக்கு மேல் மாநில நெடுஞ்சாலைகள் மூடப்பட்டன. 13 ஊர்கள் வெளியுலகத் தொடர்பு இல்லாமல் தீவுகளாக நின்றன. ராச்செஸ்டர் என்ற ஊருக்கு ராணுவ ஹெலிகாப்டரில் சாப்பாடு கொண்டு போனார்கள். அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தையும் வெள்ளம் விடவில்லை. புதைத்த பெட்டிகள் வெளியே மிதந்து வந்தன.

ஆறு பேர் உயிரிழந்தார்கள். நஷ்டம் 70 கோடி டாலருக்கு மேல் என்று பிறகு கணக்கிட்டார்கள். அந்த மாநிலத்தின் மொத்த ஜனத்தொகையே ஆறேகால் லட்சம்தான்.

வாட்டர்பரி என்ற ஊரில் மாநில அரசாங்க அலுவலகங்கள் இருந்தன. சுமார் 1,500 ஊழியர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். அத்தனை அலுவலகத்திலும் தண்ணீர் புகுந்தது. பக்கத்தில் இருந்த மனநோய் ஆஸ்பத்திரியிலிருந்து சுமார் 50 நோயாளிகளை அவசரமாக வெளியேற்றினார்கள். அந்த ஆஸ்பத்திரி மறுபடியும் திறக்கப்படவே இல்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. வெள்ளம், புயல் வந்தால் உத்தரவு போட வேண்டிய அவசர அலுவலகமும் அதே இடத்தில்தான் இருந்தது. அதையும் காலி செய்து கொண்டு ஓட வேண்டியதாயிற்று!

யார் இந்த லேஹி?

வெர்மான்ட்டின் செனட் உறுப்பினர் பாட்ரிக் லேஹிக்கு அப்போது வயது 71.

செனட் சபை என்றால் என்ன என்று தெரிந்து கொண்டால்தான் அவருடைய பலம் விளங்கும். அமெரிக்கப் பாராளுமன்றத்துக்கு இரண்டு சபைகள். பிரதிநிதிகள் சபையில் ஜனத்தொகைக்குத் தக்கபடி இடம். செனட் சபையில் அப்படி இல்லை. பெரிய மாநிலமோ, சிறிய மாநிலமோ, ஆளுக்கு இரண்டு பேர்தான். அப்போது மூன்றே முக்கால் கோடி ஜனங்கள் இருந்த கலிபோர்னியாவுக்கும் இரண்டு பேர். ஆறேகால் லட்சம் பேர் இருந்த வெர்மான்ட்டுக்கும் இரண்டு பேர். அதிலும் நீண்ட காலம் உறுப்பினராக இருப்பவருக்கு மரியாதை அதிகம். முக்கிய கமிட்டிகளில் இடம் கிடைக்கும்.

லேஹி 1974-ம் ஆண்டு தேர்தலில், 34-வது வயதில், ஜெயித்தவர். ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஒருவர் வெர்மான்ட்டிலிருந்து செனட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது அதுவே முதல் தடவை. 2011-ல் அவரைவிட மூத்த உறுப்பினர் ஒரே ஒருவர்தான் சபையில் இருந்தார். பணம் ஒதுக்கும் செலவுக் கமிட்டியிலும் லேஹி நெடுங்கால உறுப்பினர்.

பிறவியிலேயே அவருக்கு இடது கண்ணில் பார்வை கிடையாது. ஆனாலும் காமிராவைக் கையை விட்டுக் கீழே வைக்க மாட்டார். சின்ன வயதிலிருந்து "பேட்மேன்" படக்கதை என்றால் உயிர். பேட்மேன் சினிமாக்களில் சின்னச் சின்ன வேஷம் கூடப் போட்டிருக்கிறார். அந்தச் சம்பளத்தை, தாம் பிறந்த மான்ட்பீலியர் நகரத்து நூல் நிலையத்தின் குழந்தைகள் பகுதிக்குக் கொடுத்து விட்டார். சிறுவயதில் படக்கதை படித்த நூல் நிலையம் அது. (இந்த நூல் நிலையத்தை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.)

"கார் வாங்குவதை நிறுத்து!"

புயல் போய் ஒரு நாள் கூட ஆகவில்லை. தலைநகர் வாஷிங்டனில் ஒரு சண்டை கிளம்பியது.

அமெரிக்காவில் பேரிடர் உதவிக்கு மத்திய அரசாங்கத்தின் இலாகா ஒன்று இருக்கிறது. அதன் பெயர் "ஃபீமா". அதன் உதவி நிதியில் மிச்சம் இருந்தது 100 கோடி டாலருக்கும் குறைவு. இனி கூடுதல் பணம் ஒதுக்கியாக வேண்டும். ஒதுக்குவது எப்படி?

பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சிக்குப் பெரும்பான்மை. அந்தக் கட்சியின் சபைத் தலைவர் எரிக் கேன்டர் ஒரு நிபந்தனை போட்டார். பேரிடருக்குப் பணம் கொடுப்போம். ஆனால் அதே அளவுக்கு வேறு செலவை வெட்ட வேண்டும் என்றார். அவர் சொன்ன உதாரணம் எந்தக் குடும்பத்துக்கும் புரியும். வீட்டில் ஒருவர் நோயில் படுத்தால் வைத்தியத்துக்குப் பணம் தேடுவோம். புதிதாகக் கார் வாங்கும் எண்ணத்தை விட்டு விடுவோம். அரசாங்கமும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது அவர் வாதம்.

கேன்டரைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிட முடியாது. ஐரீன் வருவதற்கு ஐந்து நாள் முன்னால் வர்ஜீனியா மாநிலத்தில் நில நடுக்கம் ஏற்பட்டது. அது மையம் கொண்ட இடம் அவருடைய சொந்தத் தொகுதி! சொந்தத் தொகுதிக்கும் அவர் இதே நிபந்தனையைத்தான் சொன்னார். தேசத்தின் கடன் 14 லட்சம் கோடி டாலரைத் தாண்டியிருந்த சமயம் அது. சிக்கனம் பேசுவதற்குக் காரணம் இருந்தது.

ஆனால் எந்தச் செலவை வெட்டச் சொன்னார்கள் தெரியுமா? பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் கார்களைத் தயாரிக்கும் தொழிற்சாலைகளுக்குக் கடன் கொடுக்கும் திட்டத்தில் 150 கோடி டாலரை! உதாரணத்துக்குச் சொன்ன கார் உண்மையாகவே வந்து விட்டது. அந்தத் திட்டத்தால் ஆயிரக் கணக்கானவர்களுக்கு வேலை கிடைக்கிறது, அதை வெட்டக் கூடாது என்று ஜனநாயகக் கட்சி மறுத்தது.

லேஹி கேட்ட கேள்வி

வெள்ளம் வடிந்த ஊர்களைச் சுற்றிப் பார்த்து விட்டு வாஷிங்டன் திரும்பியிருந்த லேஹி, செப்டம்பர் மாதம் செனட் சபையில் பேசினார்.

அவர் பேச்சின் சாரம் இதுதான்: "ஈராக்கில் ரோடு போட்டோம். ஆப்கானிஸ்தானில் பாலம் கட்டினோம். கடன் வாங்கித்தான் கட்டினோம். அப்போது, 'இந்தப் பணத்துக்கு ஈடாக எந்தச் செலவை வெட்டப் போகிறாய்?' என்று யாரும் கேட்கவில்லை. சொந்த நாட்டு ஜனங்கள் வீடு வாசல் இழந்து நிற்கும்போது மட்டும் நிபந்தனை ஏன்?"

ஈராக்கைச் சீரமைக்க மட்டும் அமெரிக்கா சுமார் 6,000 கோடி டாலர் செலவழித்தது என்று, அதற்கென நியமிக்கப்பட்ட தணிக்கை அதிகாரி 2013-ம் ஆண்டு அறிக்கை கொடுத்தார். லேஹியின் கேள்வி சும்மா வாய்ப் பேச்சு அல்ல.

கேன்டர் சொன்ன குடும்ப உதாரணத்தையே எடுத்துக் கொள்வோம். நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்த்து விட்டுப் பிறகு கார் விஷயத்தைப் பேசுகிறவர்கள் உண்டு. கார் விஷயம் முடிவாகும் வரை நோயாளியை வாசலில் நிறுத்தி வைக்கிறவர்கள் உண்டா? 2011 செப்டம்பரில் வாஷிங்டனில் நடந்தது இந்த இரண்டாவது காரியம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதலில் செலவு; பிறகு பில்

பணம் தாமதமானால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். அதற்கு உதவி வரும் வழியைப் பார்க்க வேண்டும்.

உடைந்த ரோட்டை ஊர் நிர்வாகம் முதலில் தன் செலவில் போட வேண்டும். பில்களை எடுத்து வைக்க வேண்டும். ஃபீமா அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். செலவில் குறைந்தது நூற்றுக்கு 75 பங்கை மத்திய அரசாங்கம் கொடுக்கும். மீதி மாநிலமும் ஊரும் போட வேண்டும். ஐரீன் சேதம் மிகப் பெரியது என்பதால் வெர்மான்ட்டுக்கு 75 பங்கை 90 பங்காக உயர்த்தினார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வெர்மான்ட் ஊர்கள் மிகச் சிறியவை. சில ஊர்களில் ஆயிரம் பேர் கூட இல்லை. வருஷா வருஷம் மார்ச் மாதம் ஜனங்கள் ஒரே மண்டபத்தில் கூடி, கையைத் தூக்கி, ரோடு செலவுக்கு இவ்வளவு என்று முடிவு செய்வார்கள். அப்படிப்பட்ட ஊர் பல வருஷத்து ரோடு பணத்தை ஒரே மாதத்தில் செலவழிக்க வேண்டும் என்றால் பாங்கியில் கடன் வாங்கத்தான் வேண்டும். வாஷிங்டனில் தாமதமானால் இங்கே வட்டி ஏறும்.

தனிக் குடும்பங்களுக்கும் உதவி உண்டு. அந்த ஆண்டில் ஒரு குடும்பத்துக்கு அதிக பட்சம் 30,200 டாலர். அதைக் கொண்டு போன வீட்டைத் திரும்பக் கட்ட முடியாது.

இன்னொரு சங்கடம். ஃபீமா நிதி 100 கோடி டாலருக்குக் கீழே போனதும் இலாகா கையை இறுக்கிக் கொண்டது. சாப்பாடு, தங்க இடம், இடிபாடு அகற்றுவது போன்ற அவசர வேலைகளுக்கு மட்டும் பணம் கொடுப்போம், நிரந்தரமாகக் கட்டும் புது வேலைகள் நிற்கட்டும் என்று உத்தரவு போட்டது. இதனால் அடிபட்டவர்களில் ஜாப்ளின் நகரத்தாரும் உண்டு. அது எங்கோ மிசௌரி மாநிலத்தில் இருக்கிறது. அதே ஆண்டு மே 22-ந் தேதி சுழற்காற்று அடித்து, 150 பேருக்கு மேல் பலியான ஊர். ஐரீனுக்காக ஜாப்ளின் காத்திருக்க வேண்டியதாயிற்று.

வெர்மான்ட்காரர்களுக்குக் கவலை வேறு. அங்கே நவம்பர் பிறந்தால் பனி. குளிர் வந்து விட்டால் தார் இறுகி விடும். தார் கலக்கும் ஆலைகளை மூடி விடுவார்கள். பிறகு வசந்த காலம் வரை ரோடு வேலை நடக்காது. செப்டம்பரில் ஒரு வாரம் தவறினால் ஊருக்கு ஆறு மாதம் தவறிப் போகும்.

ஒரே மாதத்தில் ஐந்து ஓட்டு

பாராளுமன்றத்தில் பந்து இங்கும் அங்கும் போயிற்று.

செப்டம்பர் 15-ந் தேதி செனட் சபை, 690 கோடி டாலர் பேரிடர் உதவி மசோதாவை 62 - 37 என்ற ஓட்டில் நிறைவேற்றியது. எதிர்க்கட்சி உறுப்பினர் சிலரும் சேர்ந்து ஓட்டுப் போட்டார்கள். வெட்டு எதுவும் இல்லை.

பிரதிநிதிகள் சபை அதை ஏற்கவில்லை. தானே ஒரு மசோதா கொண்டு வந்தது. கார் கடன் வெட்டும் அதில் இருந்தது. 21-ந் தேதி அந்த மசோதா 195 - 230 என்று தோற்றது! வெட்டு போதாது என்று சொந்தக் கட்சியிலேயே பலர் கவிழ்த்து விட்டார்கள். 23-ந் தேதி அதிகாலையில், இன்னும் 10 கோடி டாலர் வெட்டைச் சேர்த்து 219 - 203 என்று நிறைவேற்றினார்கள். அன்றே செனட் சபை 59 - 36 என்று அதை ஒதுக்கித் தள்ளியது.

செப்டம்பர் 30-ந் தேதியோடு அமெரிக்க அரசாங்கத்தின் கணக்கு வருஷம் முடிகிறது. அதற்குள் முடிவு ஏற்படாவிட்டால் அரசாங்க அலுவலகங்களையே மூட வேண்டி வரும்.

26-ந் தேதி திங்கட்கிழமை ஃபீமா கணக்குப் பார்த்துச் சொன்னது: கையில் 11 கோடியே 40 லட்சம் டாலர் இருக்கிறது, இழுத்துப் பிடித்தால் வாரக் கடைசி வரை தாங்கும்!

சண்டையே தீர்ந்து விட்டது. இந்த வருஷத்துக்குக் கூடுதல் பணம் வேண்டாம் என்றால் அதற்கு ஈடாக வெட்டும் வேண்டாம் அல்லவா? புது வருஷத்துக்கு 265 கோடி டாலர் ஒதுக்கி, வெட்டு இல்லாமல், 79 - 12 என்று செனட் சபை நிறைவேற்றியது. அக்டோபர் 4-ந் தேதி பிரதிநிதிகள் சபையும் ஒப்புக் கொண்டது.

செனட் சபை முதலில் கேட்டது 690 கோடி. கிடைத்தது 265 கோடி. கொள்கையில் லேஹி பக்கம் ஜெயித்தது. தொகையில் ஜெயித்தது என்று சொல்ல முடியாது.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. உடைந்த நெடுஞ்சாலைகளுக்குத் தனியாக ஒரு மத்திய நிதி உண்டு. ஒரு பேரிடருக்கு ஒரு மாநிலத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல் கிடையாது என்பது அப்போது அதன் விதி. நவம்பர் மாதம் வந்த செலவுச் சட்டத்தில் அந்த உச்ச வரம்பைத் தளர்த்த வைத்தார். சிறிய மாநிலத்து மூத்த உறுப்பினரால் ஆகக் கூடிய காரியம் இதுதான். பத்திரிகைகளில் பெரிதாக வராது. ரோட்டில் தெரியும்.

குழாய் பெரிதா, சிறிதா?

மாநில அதிகாரிகள் வாஷிங்டன் பணத்துக்காகக் காத்துக் கொண்டிருக்கவில்லை. இரவு பகலாகக் கல்லும் மண்ணும் கொட்டினார்கள். பக்கத்து மாநிலங்களிலிருந்து ஆள்கள் வந்தார்கள். பெத்தெல் ஊருக்கும் ஸ்டாக்பிரிட்ஜ் ஊருக்கும் இடையே ஆறு அடித்துக் கொண்டு போன 107-ம் எண் ரோட்டை நான்கே மாதத்தில், டிசம்பர் 29-ந் தேதி, திறந்து விட்டார்கள்.

பிறகு வேறு ஒரு தகராறு முளைத்தது. ரோட்டுக்கு அடியில் ஓடைத் தண்ணீர் போகக் குழாய் பதிப்பார்கள் அல்லவா? பழைய குழாய்கள் சிறியவை. வெள்ளத்தில் மரமும் கல்லும் அடைத்துக் கொண்டு, தண்ணீர் ரோட்டையே பிய்த்துக் கொண்டு போனது. ஆகையால் ஊர்க்காரர்கள் பெரிய குழாயாகப் பதிக்க விரும்பினார்கள். ஃபீமா சில இடங்களில் மறுத்தது. முன்னால் என்ன இருந்ததோ அதற்குத்தான் பணம், பெரிதாகப் போடுவது உங்கள் பாடு என்றது.

சின்னக் குழாயைப் போட்டால் அடுத்த வெள்ளத்தில் மறுபடியும் போகும். மறுபடியும் அதே இலாகாதான் பணம் கொடுக்கும். இது பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். விதிப் புத்தகத்துக்குத் தெரியவில்லை. லேஹியும் மாநிலத்தின் மற்றப் பிரதிநிதிகளும் இதற்காக அதிகாரிகளோடு மல்லுக்கு நின்றார்கள்.

வாட்டர்பரி அலுவலகங்கள் திரும்பத் திறக்க 2015 ஆகிவிட்டது. மனநோயாளிகளுக்கு 25 படுக்கை கொண்ட புது ஆஸ்பத்திரி 2014-ல் வேறு ஊரில் வந்தது. பார்ட்டன்ஸ்வில் பாலம்? இன்ஷூரன்ஸ் பணமும் நன்கொடைகளும் உதவ, பழைய மாதிரியே மரத்தால், கூரையோடு கட்டி 2013 ஜனவரியில் திறந்தார்கள்.

செப்டம்பர் மறுபடியும் வந்தது

லேஹி 2022-ம் ஆண்டில் செலவுக் கமிட்டியின் தலைவராக இருந்தார். அந்த டிசம்பரில் அவர் முன்நின்று நிறைவேற்றிய செலவு மசோதா 1.7 லட்சம் கோடி டாலருக்கு. அதில் பேரிடர் உதவிக்கு மட்டும் சுமார் 4,000 கோடி டாலர். 2023 ஜனவரி 3-ந் தேதி அவர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். 48 வருஷ சேவை! அமெரிக்க சரித்திரத்தில் அதைவிட நீண்ட காலம் செனட் உறுப்பினராக இருந்தவர்கள் அதுவரை இரண்டே பேர்தான்.

ஆறு மாதம் கழித்து, 2023 ஜூலை 10, 11 தேதிகளில், வெர்மான்ட்டில் மறுபடியும் பேய் மழை. இந்தத் தடவை லேஹி பிறந்த மான்ட்பீலியர் நகரத்தின் கடை வீதி நடுவிலேயே ஆறு ஓடியது. ஞாபகம் வைத்துக் கொள்ளச் சொன்ன நூல் நிலையத்தின் அடித்தளத்திலும் வெள்ளம் புகுந்து, மின்சார சாதனங்களை நாசமாக்கியது.

ஆகஸ்டு 8-ந் தேதி ஹவாய் மாநிலத்தில் லகைனா நகரம் தீயில் எரிந்தது. அந்த மாதக் கடைசியில் ஃபீமா பழையபடி கையை இறுக்கியது. அவசர வேலைக்கு மட்டும் பணம்; நிரந்தர வேலைகள் நாடு முழுவதும் நின்றன.

அமெரிக்காவில் புயல் பருவம் உச்சத்தில் இருப்பது செப்டம்பரில். அரசாங்கக் கணக்கு வருஷம் முடிந்து கஜானாவின் அடி தெரிவதும் அதே செப்டம்பரில். இந்த ஜோடிப் பொருத்தத்தை யாரும் மாற்றவில்லை.

செப்டம்பர் 30-ந் தேதி இரவு, அரசாங்க அலுவலகங்களை மூட சில மணி நேரம் இருக்கும்போது, 1,600 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அக்டோபர் 2-ந் தேதி நின்ற வேலைகளுக்கு மறுபடியும் அனுமதி கிடைத்தது.

அடுத்த வருஷம், 2024 ஜூலை 10, 11. அதே தேதிகளில் வெர்மான்ட்டில் மறுபடியும் வெள்ளம். நான்கு வாரம் சென்று, ஆகஸ்டு 7-ந் தேதி, ஃபீமா மறுபடியும் கையை இறுக்கியது.